ஒற்றைச் சம்பள வருஷம்

ஜனவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் பேரப்பிள்ளைகள் சங்கதி. மகன் வீட்டுப் பெரியவள் கணக்கில் நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்திலேயே அவள் ஒருத்திதான். டீச்சர் அவளுடைய விடைத்தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். சின்னவன், அதுதான் நம் கொசு, நீச்சல் குளத்தில் நிற்காமல் எட்டுத் தடவை போய் வந்து பதக்கம் வாங்கினான். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே குளிக்கிறான். என் மகள் வீட்டுப் பேரன் மருந்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவன் தங்கைக்குப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு நடுவரின் அண்ணன் மகளுக்குப் போனது. ஆகையால் இவளுடையதை நான் முதல் பரிசு என்றே எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். நீயும் அப்படியே சொல்.

இங்கே ஐந்து பேரும் தின்று தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் படியேற விடுகிறதா?

இன்னொரு செய்தி. என் மருமகள் துறைமுகத்து ஆபீசில் பதினோரு வருஷமாகத் தரை துடைத்த வேலையை விட்டுவிட்டாள். அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் படிக்கப் போகிறாளாம். கப்பலிலிருந்து வீடு அளவு இரும்புப் பெட்டிகளை இறக்குமே, அந்தக் கிரேன். படிப்பு ஒரு வருஷம், சம்பளம் கிடையாது. பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். டிசம்பரில் பரீட்சை வைத்து ஐந்து பேரை எடுப்பார்கள். மற்ற ஏழு பேர் வந்த வழியே போகவேண்டியதுதான். வயது நாற்பத்தொன்று, யாரிடம் சொல்வது.

எங்கள் எல்லாரையும் அடுப்படியில் நிற்க வைத்துக் கேட்டாள்: “ஒரு வருஷம். ஒரே சம்பளம். அஞ்சு பேரு. முடியுமா, முடியாதா?” கொசு முதலில் கையைத் தூக்கினான். பெரியவள் தூக்கினாள். என் மகன், அவன் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம், அவனும் தூக்கினான். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

தாளைப் பார்த்துச் சிரிக்காதே. காகிதம் வாங்கக் கூடாது என்பது புதுச் சட்டம். மகன் வேலை பார்க்கும் அச்சகத்தில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளில்தான் இனிமேல் என் கடிதம்.

உன் அக்கா


ஜனவரி 23

அக்கா,

உன் கடிதம் காயத்துக்குச் சுற்றும் துணி மாதிரி நீளமாக வந்தது. மேசையில் விரித்து, இரண்டு முனையிலும் டம்ளர் வைத்துப் படித்தேன். முழங்கால் படியேற விடுகிறது, இறங்கத்தான் விடுவதில்லை. ஆகையால் மேலேயே இருக்கிறேன். உனக்கு ரத்த அழுத்தம் எப்படி?

பிள்ளைகளின் பெருமைகளை எண்ணிப் பார்த்தேன், நாலு. கிரேன் ஓட்டப் போகிறவளைக் கீழே “இன்னொரு செய்தி” என்று எழுதியிருக்கிறாய். தபால் ஆபீசில் முப்பது வருஷம் ஊர் வாரியாகக் கடிதம் பிரித்த எனக்கு, தவறான பெட்டியில் விழுந்த கடிதம் தெரியாதா?

சட்டங்கள் என்னென்ன, முழுதாக எழுது.

தங்கச்சி


பிப்ரவரி 19

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீ மேலேயே இருந்துவிடாமல், கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு தினம் ஒரு தடவையாவது இறங்கு.

சட்டம் கேட்டாய். அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். அடுப்பு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எரியும். குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதற்குள் துணி மடித்து வைத்தாயிற்று. ஒரு அறையில் விளக்கு எரிந்தால் எல்லாரும் அந்த அறையில். தலைமுடி வீட்டிலேயே வெட்டுவது. கொசுவின் தலையைப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கிறது. மகன் வேலைக்கு நடந்து போகிறான், போக ஒரு மணி, வர ஒரு மணி. பெரியவள் தனிப்பாடத்தை நிறுத்திவிட்டாள். கொசு நீச்சல் குளத்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, பதக்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.

முதலில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. போன வாரம் கூடத்துக்குள் போனேன். ஒரு நீளக் கோலின் நுனியில் கயிறு கட்டி, அதில் செம்பைத் தொங்கவிட்டு, செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, மருமகள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொண்டு போகிறாள். தரையில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு மேல் போய் நிற்கவேண்டும், செம்பு ஆடக் கூடாது, சொட்டுச் சிந்தக் கூடாது. நானும் கோலை வாங்கிப் பார்த்தேன். செம்பு அந்தப் பக்கம் ஓட, நான் இந்தப் பக்கம் இழுக்க, தண்ணீர் முழுக்க என் காலில்.

“பின்னால இழுத்தா இன்னும் ஆடும் அத்தை. அது ஓடுற பக்கமே நாமளும் கூட ஓடணும். சரியா அது தலைக்கு மேல போயி நின்னுட்டா, அது அடங்கிடும்.”

செய்து காட்டினாள். செம்பு முன்னால் போனது, இவளும் முன்னால் போனாள், நின்றாள். ஆட்டம் அப்படியே செத்துப்போனது. தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம் இல்லை. இதை யாராவது பெரிய மேடையில் செய்தால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்.

அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை. அதில்தான் பருப்பு வேகவைத்தோம்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நான் ஒரு குச்சியில் டீ டம்ளரைக் கட்டி முயன்றேன். டம்ளர் உடைந்தது. உன் மருமகளிடம் என் வணக்கத்தைச் சொல். நான் நலம். பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு தினமும் படி இறங்குகிறேன்.

உன்னிடம் வேறு ஒன்று கேட்கவேண்டும். உன் கடித உறையில் முகவரி கோணலாகப் போய் ஸ்டாம்ப்பின் மேல் ஏறியிருக்கிறது. உள்ளே எழுத்து மாதா மாதம் வளர்கிறது. இந்தத் தடவை ஒரு வரிக்கு மூன்று சொல்தான். குடிகாரர் எழுத்து, அவசரக்காரர் எழுத்து, கண் மங்கியவர் எழுத்து எல்லாம் எனக்கு அத்துப்படி. உன் கண்ணுக்கு என்ன?

தங்கச்சி


ஏப்ரல் 27

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதம். இங்கே வெயில். ரத்த அழுத்தம் அடக்கமாக இருக்கிறது.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். கண் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. விளக்குதான் சின்னது, சட்டப்படி.

மருமகள் முதல் முறையாக மேலே ஏறிவிட்டாள். பன்னிரண்டு மாடி உயரம். உட்காரும் கூண்டுக்குத் தரையே கண்ணாடிதானாம், காலுக்குக் கீழே கடல் தெரியுமாம். இறங்கி வந்தவள் சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்க்கக் குனிந்தபடியே இருந்தாள். கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தோம். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

கிழிந்த துணி தைப்பதெல்லாம் இப்போது என் இலாகா. விரலாலேயே தடவித் தைக்கிறேன்.

அக்கா


மே 9

அக்கா,

உனக்காகப் பேனாவை மாற்றி, கறுப்பு மையில், பெரிதாக எழுதுகிறேன். இதை ஜன்னல் ஓரம் வைத்து, நீயே படி.

விரலால் தடவித் தைப்பது ஏன்? டாக்டரிடம் போனாயா? போயிருந்தால் என்ன சொன்னார்? இந்த மாதம் முடிவதற்குள் எனக்கு ஒளிக்காமல் பதில் வரவேண்டும். இல்லாவிட்டால் உன் மகனுக்கு எழுதுவேன்.

முழங்காலை விசாரிக்காதே. இப்போது பேச்சு உன்னைப் பற்றி.

தங்கச்சி


மே 28

தங்கச்சி,

மகனுக்கு எழுதாதே. சொல்கிறேன்.

போன டிசம்பரிலேயே டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் வேண்டும் என்றார். நான் வீட்டுக்கு வந்து, “இன்னும் முற்றவில்லையாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம்” என்று சொல்லிவிட்டேன். அப்போது செலவை நினைத்துச் சும்மா தள்ளிப்போட்டது. நாலு நாள் கழித்துத்தான் அடுப்படியில் எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

யோசித்துப் பார். மகனுக்குப் பஸ் இருந்தது, விட்டான். பெரியவளுக்குத் தனிப்பாடம், கொசுவுக்குக் குளம். மருமகள் எதையெதை விட்டாள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது, அவள் சொல்வதில்லை. என்னிடம் விடுவதற்கு என்ன இருந்தது? ஒரு கிழவி எவ்வளவு தின்றுவிடுவாள், எங்கே போய்விடுவாள்? இது ஒன்றுதான் இருந்தது.

இதைச் சொன்னால் அவள் அடுத்த நாளே கிரேனிலிருந்து இறங்கித் தரை துடைக்கப் போய்விடுவாள். அவளை எனக்குத் தெரியும். நடுவில் விட்டவர்களை மறுபடி சேர்க்க மாட்டார்களாம். டிசம்பர் வரை வாயைத் திறக்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வலிக்காத காலை.

அக்கா


ஜூலை 2

தங்கச்சி,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. மகனுக்கும் உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை, தினமும் தபால்காரரை நானே எதிர்கொள்கிறேன். கோபமா, உடம்பு சரியில்லையா? ஒரு வரி போடு. இங்கே நலம்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள சின்னப் பாட்டிக்கு,

பாட்டி சொல்லச் சொல்ல எழுதுவது பெரியவள். நாங்கள் எல்லாரும் நலம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள். இனிப் பாட்டி பேசுவது.

தங்கச்சி, விஷயம் வெளியே வந்துவிட்டது. நீ சொல்லவில்லை, நானே போட்டு உடைத்தேன். மருமகளுக்குக் கிரேனில் ஏற ஒரே ஒரு உடுப்பு, சட்டையும் காற்சட்டையும் ஒன்றாக ஒட்டியது. அதில் முழங்கால் கிழிந்திருந்தது. அரைவருஷப் பரீட்சைக்கு முதல் நாள், அவள் கேட்காமலே எடுத்து, நல்ல நெருக்கமாக, அறுக்க முடியாதபடி தைத்து, மடித்து வைத்தேன்.

காலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

(நான் சிரிக்கவில்லை. கொசுதான் சிரித்தான். எழுதுவது பெரியவள்.)

துறைமுகத்தில் உடை மாற்றும் அறையில் காலை விடுகிறாள், கால் முழங்காலோடு நிற்கிறது. கூடப் படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சமையலறையிலிருந்து ரொட்டி வெட்டும் கத்தி வாங்கி அறுத்துக்கொண்டு, நாலு நிமிஷம் தாமதமாக ஏறி, அந்த நாலு நிமிஷத்தையும் மேலே ஈடுகட்டித் தேறியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடுப்பை என் மடியில் வைத்தாள்.

“அத்தை, இது என்ன கலரு?”

“நீலம்” என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

ஆரஞ்சாம், தங்கச்சி. ஏழு மாதமாக நான் அலசிக் காயப்போடும் துணி.

அவள் திட்டவில்லை. ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நாளையிலேர்ந்து பழைய வேலைக்கே போறேன்” என்றாள்.

“நீ எறங்கினா நான் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன். தூக்கிட்டுப் போனா கண்ணத் தொறக்க மாட்டேன். எந்த டாக்டர் தொறக்கறான்னு பாக்கறேன்.”

(பாட்டி இதைவிடச் சத்தமாகச் சொன்னார். மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.)

அன்று சாப்பாட்டின் நடுவில் என் மகன், வாயைத் திறக்காத என் மகன், “முன் ரூம்பு எதுக்கு நமக்கு? எப்படியும் ஒரே வெளக்குதானே எரியுது” என்றான். அவ்வளவுதான். மருமகள் அவனைப் பார்த்தாள். தட்டைக் கழுவிவிட்டுக் கட்டிலைத் தள்ள ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் முன் அறைக்கு ஒரு நர்ஸ் குடிவந்துவிட்டாள். நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில். நான் புரண்டால் கொசு விழிக்கிறான், கொசு புரண்டால் எல்லாரும் விழிக்கிறோம். நர்ஸ் கொடுத்த முன்பணத்தில் அக்டோபரில் வலது கண். அவள் இறங்கவில்லை. நாளை காலையும் ஏறுகிறாள்.

(சின்னப் பாட்டி, பாட்டிக்குக் கண் தெரியாதது எங்களுக்கும் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் ஐந்து பேரும் ஒரே விளக்கின் கீழேதான் இருந்தோம்.)


செப்டம்பர் 8

அக்கா,

நான் நலம், உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் போடாததற்குக் காரணம் வேறு. உன் மகனுக்கு மூன்று தடவை கடிதம் எழுதினேன், மூன்று தடவையும் உறையில் போட்டு ஒட்டினேன், தபால்பெட்டி வரை போனேன். ஒரு தடவை பாதி உள்ளே விட்டுவிட்டு வெளியே இழுத்தேன். முப்பது வருஷம் ஒரு கடிதத்தைக்கூட நிறுத்தாதவள் நான். உனக்கு எழுத உட்கார்ந்தால், “சரி, சொல்ல மாட்டேன்” என்றும் எழுத முடியவில்லை, “சொல்வேன்” என்றும் எழுத முடியவில்லை.

நீ விழுந்து கிழுந்து வைத்திருந்தால் நான் என்னை மன்னித்திருக்க மாட்டேன். இதைப் பெரியவளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல். எல்லாரும் கேட்கட்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் நீயே, உன் கையால், எழுது. அதற்கு முன்னால் வேண்டாம்.

தங்கச்சி


டிசம்பர் 22

அன்புத் தங்கச்சிக்கு,

என் கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு எத்தனை சொல் என்று நீயே எண்ணிக்கொள். அக்டோபரிலேயே எழுதியிருக்கலாம். பரீட்சை முடியட்டும் என்று வைத்திருந்தேன். நலமா? முழங்காலை இப்போது விசாரிக்கலாம் அல்லவா?

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் முன்னால் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நான் விரலைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் மருமகள் நின்றாள். தங்கச்சி, என் வீட்டில் பதினெட்டு வருஷமாக இருப்பவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. முன்தலை முழுக்க நரை. காதில் கிடந்த சின்னத் தோடு இல்லை, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. செருப்பின் குதிகாலில் அட்டை வெட்டி வைத்திருக்கிறாள். இத்தனை மாதமும் அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். குரலில் இது ஒன்றும் இல்லை. “என்ன அத்தை, எத்தனை விரலு?” என்று சிரிக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை பரீட்சை. வீட்டுக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். கைகளெல்லாம் தூக்குவதற்கு முன்னாலேயே, “பாட்டி போகட்டும்” என்றான் கொசு.

கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் கிரேன் என்றால் ஏதோ பெரிய ஏணி என்று நினைத்திருந்தேன். கழுத்தை நிமிர்த்தினேன், நிமிர்த்தினேன், முடியவில்லை. ஒரு தெருவை அப்படியே தூக்கிச் செங்குத்தாக நிறுத்தின மாதிரி இருந்தது. அதன் காலில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலில் ரொட்டிக் கத்தியால் அறுத்துத் திரும்பத் தைத்த உடுப்பு. பொட்டு சின்னதாகிச் சின்னதாகி மேலே போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் மறைந்தது.

கப்பலிலிருந்து பத்துப் பெட்டி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, மூலைக்கு மூலை பொருந்த அடுக்கவேண்டும். அரைமணி. எங்கள் வீடு முழுக்க, நர்ஸ் அறையோடு சேர்த்து, ஒரு பெட்டிக்குள் போய்விடும். அது கயிற்றில் தீப்பெட்டி மாதிரி மிதந்து வந்தது. ஆறு பெட்டி சரியாக உட்கார்ந்தது. ஏழாவது பெட்டி நடுவில் வந்தபோது கடல்காற்று அடித்தது. பெட்டி ஆட ஆரம்பித்தது. கீழே நின்ற ஆட்கள் ஒதுங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அவள் புருஷனுக்கும் அன்று பரீட்சை, என் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

மருமகள் பின்னால் இழுக்கவில்லை, தங்கச்சி. அவ்வளவு பெரிய இரும்பு கடல் பக்கம் ஓடியது. இவளும் கடல் பக்கம் ஓடினாள். தலைக்கு மேல் போய் நின்றாள். பெட்டி, பால் குடித்த பிள்ளை மாதிரி, தொங்கியபடி அசையாமல் நின்றது. பிறகு இறங்கி உட்கார்ந்தது. சத்தம் இல்லை. பத்துப் பெட்டி, இருபத்தேழு நிமிஷம். நான் எழுந்து நின்றேன் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை.

ஐந்து பேரில் நாலாவது பெயர் அவளுடையது. பிப்ரவரியிலிருந்து சம்பளம். மருமகள் இறங்கி வந்தாள். வந்ததும் சொன்னாள்: “அத்தை, மேலேர்ந்து பாத்தேன். பெஞ்சில எல்லாரும் உக்காந்திருக்காங்க, நீங்க மட்டும் எழுந்து நிக்கிறீங்க. அங்கிருந்தே தெரிஞ்சுது.”

நடந்தே வீட்டுக்கு வந்தோம். சட்டம் பிப்ரவரி வரை உண்டல்லவா. வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம், “இவ என் மருமக” என்று சொன்னேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அவள் என் முழங்கையை இழுத்துக்கொண்டே வந்தாள்.

இடது கண் மார்ச்சில். அதற்குள் உன்னிடம் ஒன்று. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது உன் படத்தை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். இரட்டைச் சடையும் கறுத்த முடியுமாக, தபால் ஆபீஸ் வாசலில் நிற்கிறாய். இவ்வளவு நாளும் நான் இவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேனா? ஒரே கூரைக்குக் கீழே இருப்பவள் முகத்தையே ஒரு வருஷம் தவறவிட்டேன். உன்னை எத்தனை வருஷம் தவறவிட்டிருக்கிறேன், தெரியவில்லை. “நலம்” என்று நீ எழுதுவதை இனி அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பேரன் பேத்தி சூழ நிற்பது வேண்டாம், நீ மட்டும். கிட்ட நின்று, வெயிலில், சிரிக்காமல். முழங்காலும் தெரியவேண்டும். மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டு. உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் அக்கா